வெக்டர் கோடில் டெஸ்ட் ஃபெயிலானால்: டாலரன்ஸில் கை வைப்பதற்கு முன்

ஆடியோ, ரேடியோ, இசிஜி, சென்சார் தரவு என எதில் வேலை செய்பவரும் இந்தக் கட்டத்தைச் சந்தித்திருப்பார். சாதாரண லூப்பில் எழுதிய, சிக்னலில் வேண்டாததை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வேகம் போதவில்லை என்று அதை, பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் வெக்டர் முறைக்கு மாற்றினார்கள். வேகம் கூடியது, டெஸ்ட் சிவப்பானது. எதிர்பார்த்தது 0.7310586, கிடைத்தது 0.7310585.

உடனே ஒருவர் சொல்வார்: “ஃப்ளோட்டுன்னா அப்படித்தான் இருக்கும், டாலரன்ஸை ஏத்தி விடு.” இன்னொருவர் சொல்வார்: “வெக்டர்ல துல்லியம் கம்மிதான்.” ஃப்ளோட் என்பது கணினி தசம எண்களை வைத்துக்கொள்ளும் வடிவம். டாலரன்ஸ் என்பது, எவ்வளவு வித்தியாசம் வரை விடையைச் சரி என்று டெஸ்ட் ஏற்றுக்கொள்ளலாம் என்பதற்கான எல்லை.

முதல் பேச்சு சில நேரம் சரி. எந்த நேரம் என்று பார்க்காமலே அதைச் சொல்லிவிடுவதுதான் ஆபத்து. இரண்டாவது பேச்சு பல நேரம் உண்மைக்கு நேர் எதிர். ஏற்றிவிட்ட டாலரன்ஸுக்குப் பின்னால் உண்மையான பக் ஒன்று ஒளிந்துகொண்டால், அது ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவருடைய ஹெட்ஃபோனில் “டிக்” என்று கேட்கும். அதை அப்போது தேடுவது, இப்போது தேடுவதைவிடப் பல மடங்கு கடினம். ஃபெயிலான டெஸ்ட்டிடம் கேட்க மூன்று கேள்விகள் இருக்கின்றன: பிழை எந்த இடங்களில் வருகிறது, எவ்வளவு பெரியது, எப்போதெல்லாம் வருகிறது. பதில்கள் கிடைத்தால் காரணம் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

வெக்டர் முறையில் நடப்பது என்ன

சிக்னல் என்பது கணினிக்கு வெறும் எண்களின் வரிசை. ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். சிடி தரத்தில் ஒரு வினாடி இசைக்கு, ஒரு சேனலுக்கு 44,100 சாம்பிள்கள்.

சாதாரண லூப் தோசைக்கல் மாதிரி, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஊற்ற முடியும். வெக்டர் முறை இட்லித் தட்டு: எல்லாக் குழியிலும் மாவை ஊற்றிவிட்டால் ஒரே ஆவியில் அத்தனையும் வெந்துவிடும். ப்ராசஸருக்குள் இருக்கும் அகலமான ரெஜிஸ்டர்தான் அந்தத் தட்டு. அதிலுள்ள ஒவ்வொரு குழிக்கும் லேன் என்று பெயர். 1999-இல் பென்டியம் 3 கொண்டுவந்த எஸ்எஸ்இ ரெஜிஸ்டரில் 32 பிட் ஃப்ளோட் எண்கள் 4 அடங்கும். 2011-இல் வந்த ஏவிஎக்ஸில் 8, ஏவிஎக்ஸ்-512-இல் 16. போன்களில் உள்ள ஆர்ம் ப்ராசஸர்களின் நியான் ரெஜிஸ்டரில் 4.

இந்தக் கோடைக் கையால் எழுதலாம், சோர்ஸ் கோடை மெஷின் கட்டளையாக்கும் கம்பைலரிடம் விட்டுவிடலாம், பைத்தான் மொழியின் நம்பை மாதிரியான லைப்ரரி வழியாகவும் பெறலாம். வழி எதுவானாலும் மாறுவது இரண்டு: எண்கள் கணக்கில் சேரும் வரிசை மாறுகிறது, எண்கள் உட்காரும் இடம் மாறுகிறது. வரிசை மாறினால் சின்ன வித்தியாசம் வருவது இயல்பு. இடம் மாறி வருவது பக். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் எல்லாத் தவறான பேச்சும் தொடங்குகிறது.

வரிசை மாறினால் விடை ஏன் மாறுகிறது

32 பிட் ஃப்ளோட்டில் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட் மட்டுமே. தசமத்தில் ஏறக்குறைய 7 இலக்கம். அதில் அடங்காத பகுதி அருகிலுள்ள எண்ணுக்குத் தள்ளப்படுகிறது. இதுதான் ரவுண்டிங். 16777216 என்ற எண்ணோடு 1-ஐக் கூட்டினால் 32 பிட் ஃப்ளோட்டில் மறுபடி 16777216-தான் வரும். அந்த உயரத்தில் எண்கள் இரண்டு இரண்டாகத்தான் தாண்டுகின்றன. 16777217 என்று ஓர் எண்ணே அங்கே கிடையாது.

இப்போது எட்டு எண்களைக் கூட்டிப் பார்ப்போம். முதல் எண் 16777216, மற்ற ஏழும் 1.

சாதாரண லூப் இடமிருந்து வலமாகக் கூட்டும். ஒவ்வொரு 1-ம் வந்து சேரும்போதே காணாமல் போகும். விடை 16777216.

நான்கு லேன் உள்ள வெக்டர் கோடு முதல் நான்கு எண்களை நான்கு லேன்களில் வைத்து, அடுத்த நான்கை அவற்றின் மேல் கூட்டும். முதல் லேனில் 16777216-உடன் 1 சேர்ந்து அந்த 1 தொலைந்துபோகும். மற்ற மூன்று லேன்களிலும் 1-உடன் 1 சேர்ந்து 2 ஆகும். கடைசியில் நான்கு லேன்களையும் கூட்டினால் 16777222.

உண்மையான கூட்டுத்தொகை 16777223. லூப்பின் பிழை 7, வெக்டரின் பிழை 1. ஆனால் லூப்பின் விடையை “சரியான விடை” என்று வைத்து எழுதிய டெஸ்ட், வெக்டர் கோடு 6 தவறிவிட்டது என்று சிவப்பு காட்டும். துல்லியம் கூடியதற்காக ஃபெயிலாகும் டெஸ்ட் இது! பல லேன்களில் பிரித்துக் கூட்டும்போது ஒவ்வொரு லேனிலும் சேரும் தொகை சிறியதாக இருக்கிறது, அதனால் இழப்பும் பொதுவாகக் குறைகிறது. நம்பையின் கூட்டல், அடுத்தடுத்து அமைந்த தரவை இதே காரணத்துக்காகத்தான் பகுதி பகுதியாகப் பிரித்து, ஜோடி ஜோடியாகச் சேர்க்கிறது.

கம்பைலர்கள் இந்த விஷயத்தில் ஜாக்கிரதையானவை. ஃப்ளோட் கூட்டலின் வரிசையை மாற்ற ஃபாஸ்ட்-மேத் போன்ற ஆப்ஷனால் நாம் அனுமதி தராதவரை ஜிசிசி என்ற கம்பைலர் தானாக மாற்றாது. எனவே அந்த ஆப்ஷனைப் போட்ட பிறகு டெஸ்ட் ஃபெயிலானால் முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும்.

என் லேப்டாப்பில் பாஸ், ஆர்ம் சர்வரில் ஃபெயில்

இதைப் புரியாத மர்மமாகவே பலரும் விட்டுவிடுகிறார்கள். பல ப்ராசஸர்களில் எஃப்எம்ஏ என்றொரு கட்டளை உண்டு: இரண்டு எண்களைப் பெருக்கி, மூன்றாவதைக் கூட்டி, கடைசியில் ஒரே ஒருமுறை ரவுண்ட் செய்யும். தனித்தனியாகச் செய்தால் பெருக்கலுக்கு ஒன்று, கூட்டலுக்கு ஒன்று என இரண்டு ரவுண்டிங். ஜிசிசி வழக்கமான அமைப்பில், ப்ராசஸரில் எஃப்எம்ஏ இருந்தால் தானே பயன்படுத்திக்கொள்ளும். 64 பிட் ஆர்மில் அது அடிப்படையிலேயே இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி சில்லுகளின் 64 பிட் எக்ஸ்86-இல் தனியாகக் கேட்டால்தான் வரும். ஒரே சோர்ஸ் கோடு இரண்டு மெஷினில் இரண்டு விடை தருவதற்கு இது ஒன்றே போதும்.

சிக்னல் வேலையில் இது அடிக்கடி கடிக்கும் இடம் பவர் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு. ஒரு கலப்பெண்ணை அதன் இணைக் கலப்பெண்ணால் பெருக்கினால் கற்பனைப் பகுதி பூஜ்யமாக வேண்டும். அது ‘அ × ஆ’ கழித்தல் ‘அ × ஆ’ அல்லவா? எஃப்எம்ஏ வந்தால் ஒரு பெருக்கல் ரவுண்ட் ஆகிறது, இன்னொன்று ரவுண்ட் ஆகாமல் அப்படியே கழிக்கப்படுகிறது. அந்த ரவுண்டிங்கின் துணுக்கு பூஜ்யத்துக்குப் பதிலாக மிஞ்சும். இது பக் இல்லை. கற்பனைப் பகுதி துல்லியமாகப் பூஜ்யமாகவே இருக்கும் என்று எழுதிய டெஸ்ட்டைத்தான் திருத்த வேண்டும்.

இதுவரை பார்த்த வித்தியாசங்களுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு: அளவில் மிகச் சிறியவை, அரே (எண்களின் வரிசை) முழுக்கப் பரவலாகச் சிதறிக் கிடப்பவை.

எதனோடு ஒப்பிட்டு “சின்னது” என்கிறோம்

டாலரன்ஸ் இரண்டு வகை. விடையின் அளவுக்கு ஏற்ற விகிதமாக அனுமதிப்பது ரிலேடிவ். விடை எதுவானாலும் ஒரே அளவு அனுமதிப்பது அப்சல்யூட். நம்பையின் டெஸ்ட் கருவியான அசர்ட்-ஆல்குளோஸில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் ரிலேடிவ் 10⁻⁷, அப்சல்யூட் பூஜ்யம்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 32 பிட் ஃப்ளோட்டில் 1-க்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 1.19 × 10⁻⁷. அதாவது அடுத்த எண்ணுக்கு ஒரே ஒரு படி நகர்ந்தாலே எல்லை தாண்டிவிடலாம். அந்த எல்லை 64 பிட் டபுள் எண்களுக்குப் பொருந்துவது. மேலே பார்த்த 0.7310586 ஃபெயிலானதும் இதனால்தான்: அந்த வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு படி.

அப்சல்யூட் பூஜ்யமாக இருப்பதில் வேறொரு சிக்கல். எதிர்பார்த்த விடை 0 என்றால், எந்த விகிதத்தால் பெருக்கினாலும் அனுமதி 0. கணிதப்படி 0 ஆக வேண்டிய பை (π) எண்ணின் சைன் மதிப்பு, டபுளில் 1.22 × 10⁻¹⁶ என்று வரும். 0-உடன் ஒப்பிட்டால் ஃபெயில். சுத்தமான ஒரு சைன் அலைக்கு எஃப்எஃப்டி (சிக்னலை அதிலுள்ள அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்தால் ஓரிரு இடங்களில் பெரிய எண்ணும் மற்ற இடங்களில் பூஜ்யமும் வர வேண்டும். உண்மையில் அந்த மற்ற இடங்களில் துளித்துளியாக ரவுண்டிங் மிச்சம் கிடக்கும். இங்கே ரிலேடிவ் டாலரன்ஸை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. சிக்னலின் உச்ச மதிப்பை அளவுகோலாக வைத்து அப்சல்யூட் எல்லை கொடுப்பதுதான் சரி.

பிழையின் மொத்த ஆற்றலை டெசிபெல்லில் அளந்து ஒப்பிடும் வழக்கமும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் அது மட்டும் போதாது. பத்து லட்சம் சாம்பிளில் ஒரே ஒரு சாம்பிள் கெட்டால் சராசரி அதை விழுங்கிவிடும், காது விழுங்காது. அதிகபட்சப் பிழையையும் கூடவே பாருங்கள்.

பிழை எங்கே விழுகிறது

கட்டுரையின் முக்கியமான பகுதி இது. டெஸ்ட் ஃபெயிலானதும் “அதிகபட்ச வித்தியாசம் இவ்வளவு” என்ற ஒற்றை எண்ணோடு நிற்காதீர்கள். எத்தனையாவது இடங்களிலெல்லாம் பிழை என்று பட்டியலாக அச்சிடுங்கள்.

கடைசி ஓரிரு இடங்களில் மட்டும் பிழை என்றால் அது மீதி. 1003 சாம்பிளை எட்டு எட்டாக எடுத்தால் 125 சுற்று போக 3 மிஞ்சும். அந்த மூன்றைத் தனியாகக் கவனிக்கும் பகுதிக்கு டெயில் என்று பெயர். அதை எழுத மறந்திருப்பார்கள், அல்லது அது மூன்றுக்குப் பதில் எட்டையும் எழுதி அடுத்தவர் நினைவகத்தை மிதித்திருக்கும். 1024 நீளத்தில் மட்டும் டெஸ்ட் எழுதினால் இது ஒருபோதும் வெளிவராது, ஏனென்றால் 1024-ஐ 4, 8, 16 மூன்றும் மீதியின்றி வகுக்கும். நீளம் 0-இலிருந்து 40 வரை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். பஃபரின் (தரவை வைக்கும் நினைவக இடம்) இருபுறமும் தெரிந்த ஓர் எண்ணை நிரப்பி வைத்து, முடிந்தபின் அது கலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு நான்காக, எட்டு எட்டாகப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், மதிப்புகள் சரியாகவே இருந்து லேன் மட்டும் மாறியிருக்கும். இதை நேரில் பார்க்க எளிய வழி: உள்ளீடாக 0, 1, 2, 3 என்று வரிசை எண்களையே கொடுங்கள். 32 பிட் முழு எண்களை 16 பிட்டாகச் சுருக்கும், ஏவிஎக்ஸின் அடுத்த பதிப்பான ஏவிஎக்ஸ்2-இன் கட்டளை ஒன்றில் 0–7 ஒரு ரெஜிஸ்டரிலும் 8–15 இன்னொன்றிலும் கொடுத்தால், வெளியே வருவது 0–3, 8–11, 4–7, 12–15. நடு இரண்டு கட்டும் இடம் மாறியிருக்கின்றன. ஏவிஎக்ஸ்2-இன் பல கட்டளைகள் 256 பிட் ரெஜிஸ்டரை இரண்டு 128 பிட் பாதிகளாகப் பாவித்து, பாதிக்குள்ளேயே வேலை செய்கின்றன. எஸ்எஸ்இ-யிலிருந்து கோடை அகலப்படுத்துபவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். தற்போக்கு (ரேண்டம்) எண்களைக் கொடுத்திருந்தால் இது வெறும் குப்பையாகத் தெரிந்திருக்கும். வரிசை எண்கள் கொடுத்தால் நடந்தது எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோலத் தெரிகிறது.

எப்போதோ ஓரிடத்தில் மட்டும், ஆனால் பெரிய பிழை என்றால் ஓரத்து மதிப்புகளைச் சந்தேகியுங்கள். 16 பிட் முழு எண்ணில் 30000-உடன் 10000-ஐக் கூட்டினால், சாதாரணக் கட்டளை சுற்றிவந்து −25536 தரும். உச்சத்தில் நிறுத்தும் கட்டளை 32767 தரும். அப்படி நிறுத்துவதற்கு சாச்சுரேஷன் என்று பெயர். இதைவிட நுட்பமான ஒன்று: 16 பிட்டில் −32768 என்பது −1-ஐக் குறிக்கும் என்று வைத்துக் கணக்கிடும் கோடில், −1-ஐ −1-ஆல் பெருக்குங்கள். நியானின் சாச்சுரேஷன் பெருக்கல் 32767 தரும், அது ஏறக்குறைய +1. எஸ்எஸ்இ-யின் பிந்தைய விரிவாக்கமான எஸ்எஸ்எஸ்இ3-இல் அதே வேலைக்கு எடுக்கும் ரவுண்டிங் பெருக்கல் −32768 தரும், அதாவது −1. குறியே மாறிவிட்டது! இரண்டு உள்ளீடும் ஒரே நேரத்தில் −32768 ஆக, தற்போக்கு எண்களில் சுமார் 429 கோடியில் ஒரு வாய்ப்புதான். ஓரத்து மதிப்புகளைக் கையால் எழுதித்தான் சோதிக்க வேண்டும். சரியாக அரையில் விழும் எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2.5-ஐ சி மொழியின் ரவுண்ட் 3 ஆக்கும். ஃப்ளோட்டை முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்யும் எஸ்எஸ்இ கட்டளை வழக்கமான அமைப்பில் இரட்டைப்படை எண்ணான 2-க்குத் தள்ளும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, ஒவ்வொரு பிளாக் (ஒரு தடவைக்கு எடுக்கும் சாம்பிள் துண்டு) எல்லையிலும் பிழை எகிறினால், முந்தைய பிளாக்கிலிருந்து கொண்டுவர வேண்டிய சாம்பிள்கள் கைமாறவில்லை என்று பொருள். ஆடியோவில் “டிக்” ஒலி வருவது பெரும்பாலும் இங்கிருந்துதான். தன் முந்தைய விடையையே மறுபடி உள்ளீடாக எடுக்கும் ஐஐஆர் ஃபில்டர்களில் சின்ன ரவுண்டிங் வித்தியாசம்கூட அடுத்தடுத்த சாம்பிள்களுக்குத் தொடர்ந்து போகும், எனவே அவற்றுக்குத் தனி எல்லை வேண்டும்.

ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில் அல்லது க்ராஷ் என்றால் கணக்கை விட்டுவிட்டு நினைவகத்தைப் பாருங்கள். மதிப்பு வைக்காத பஃபராக இருக்கலாம், அலைன்மென்ட்டாகவும் இருக்கலாம். அலைன்மென்ட் என்றால் தரவின் முகவரி குறிப்பிட்ட எண்ணால் வகுபட வேண்டும் என்ற நிபந்தனை. 64 பிட் லினக்ஸில் நினைவகம் கேட்டு வாங்கும் மால்லாக் 16-ஆல் வகுபடும் முகவரிக்கு மட்டுமே உத்தரவாதம் தருகிறது. 32-ஆல் வகுபட வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஏவிஎக்ஸ் கட்டளை சில நாள் ஓடும், சில நாள் விழும்.

டெஸ்ட்டே பொய் சொல்லும் இடம்

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பது போன்ற அர்த்தமற்ற கணக்குகளின் விடை நேன், “எண் அல்லாதது”. அதை எதோடு பெரிது சிறிது ஒப்பிட்டாலும் பதில் ‘இல்லை’தான். “வித்தியாசம் டாலரன்ஸைவிடப் பெரிதானால் ஃபெயில்” என்று எழுதியிருந்தால், வித்தியாசம் நேன் ஆகும்போது டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். “வித்தியாசம் டாலரன்ஸுக்குள் இருந்தால் மட்டுமே பாஸ்” என்று திருப்பி எழுதினால் பிடிபடும். எஸ்எஸ்இ-யின் மினிமம், மேக்ஸிமம் கட்டளைகள் நேனைக் கண்டால் இரண்டாவதாகக் கொடுத்த எண்ணையே திருப்பித் தரும்; ஆர்கியூமென்ட்டின் வரிசையை மாற்றினால் விடையும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லையைக் கணக்கிட்டு வையுங்கள்

ஆடியோ, வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் திட்டத்தின் செக்-ஏஎஸ்எம் கருவி, சி மொழியில் எழுதிய எளிய வடிவத்தை ஆதாரமாக வைத்து, ப்ராசஸரின் ஒவ்வொரு வசதிக்கும் எழுதிய வடிவத்தைத் தனித்தனியாக அதோடு ஒப்பிடுகிறது. ரேடியோ சிக்னல்களுக்கான க்னூ ரேடியோவின் வோல்க் லைப்ரரியிலும் ஒவ்வொரு வேலைக்கும் ‘ஜெனெரிக்’ என்ற சாதாரண வடிவம் கூடவே இருக்கிறது. நம் சிறிய ப்ராஜெக்ட்டிலும் இதைப் பின்பற்றலாம். எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ்2 என்று தனித்தனியாக ஓட்டினாலே எது கெட்டது என்று பாதி தெரிந்துவிடும். ஃப்ளோட் கோடுக்கு மட்டும் நான் ஒன்று சேர்ப்பேன்: ஆதார வடிவம் டபுளில் ஓடட்டும். அப்போதுதான் லூப், வெக்டர் இரண்டில் எது உண்மைக்குப் பக்கம் என்று தெரியும்.

டாலரன்ஸைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. 64 கெழுக்கள் (சாம்பிள்களைப் பெருக்கும் நிலையான எண்கள்) உள்ள ஃபில்டரில் ஒரு விடைக்கு 64 பெருக்கல், அவற்றின் கூட்டல். எந்த வரிசையில் கூட்டினாலும் மோசமான நிலையில் பிழை, 64 × 6 × 10⁻⁸ என்பதைப் பெருக்கற்பலன்களின் தனிமதிப்புகளின் (கூட்டல் கழித்தல் குறியை விட்ட அளவு) கூட்டுத்தொகையால் பெருக்கியதற்குள் அடங்கும். 6 × 10⁻⁸ என்பது 32 பிட் ஃப்ளோட்டில் ஒரு ரவுண்டிங்கின் அதிகபட்ச விகிதம். விடையின் அளவை அல்ல, தனிமதிப்புகளின் கூட்டுத்தொகையைத்தான் எடுக்க வேண்டும்; ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சிறிதானாலும், வழியில் சேர்ந்த ரவுண்டிங் சிறிதாவதில்லை. கெழுக்களின் தனிமதிப்புக் கூட்டு 1.5, உள்ளீடு 1-ஐத் தாண்டாது என்றால் எல்லை ஏறத்தாழ 5.8 × 10⁻⁶. நடைமுறையில் ரவுண்டிங்குகள் மேலும் கீழும் சமன்பட்டு, சில 10⁻⁷ அளவில்தான் நிற்கும். 10⁻⁵ வந்தால் ரவுண்டிங்கை மட்டும் காரணம் காட்ட முடியாது.

இந்தக் கணக்கு செல்ல ஒரு நிபந்தனை உண்டு. டபுளில் ஓடும் ஆதார வடிவத்துக்கும் அதே 32 பிட் உள்ளீட்டையும் அதே 32 பிட் கெழுக்களையும் டபுளாக மாற்றிக் கொடுக்க வேண்டும். கெழுக்களை டபுளில் புதிதாகக் கணக்கிட்டுக் கொடுத்தால் இரண்டு வேறு ஃபில்டர்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம், அந்த வித்தியாசமும் வெக்டர் கோடின் தலையில் விழும்.